சாயங்காலம் ஆறு மணி: வாசகர் கேள்வி-பதில்

குடியை விட்டவர்களும் அவர்கள் வீட்டாரும் அனுப்பிய கேள்விகளுக்கு மதுரையைச் சேர்ந்த ஒரு தையல்காரர் பதில் சொல்கிறார். 2006 ஆடி மாதத்திலிருந்து குடிக்காமல் இருப்பவர். குடியை விட நினைப்பவர்கள் ஒன்றுகூடும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்துக்குப் போய்வருகிறார். அந்தக் கூட்டத்தின் மரபுப்படி பத்திரிகையில் பெயரையும் படத்தையும் போடவில்லை.

என் கணவர் குடியை விட்டு ஐந்து மாதம் ஆகிறது. ஆனால் ஆறு மணியானால் "கூட்டத்து ஆளுங்க" என்று கிளம்பிவிடுகிறார். திரும்பி வர ஒன்பது ஆகிறது. அப்போது பாட்டிலைத் தேடிப் போனார், இப்போது இவர்களைத் தேடிப் போகிறார். வீட்டில் இருக்கும் எங்களுக்கு என்ன வித்தியாசம்? குடித்தவர்கள் நாலு பேர் சேர்ந்தால் குடிப் பேச்சைத் தவிர வேறு என்ன பேசுவார்கள்?
*ஒரு வாசகி, திருமங்கலம்*

உங்கள் கோபம் நியாயமானது அம்மா. இத்தனை வருஷம் காத்திருந்தவர் நீங்கள். நல்லது நடந்த பிறகும் காத்திருக்கச் சொன்னால் யாருக்கும் கோபம் வரும்.

முதலில் அந்த ஆறு மணியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் புது மண்டபத்தில் தையல் மிஷின் இருந்தது. இருபது வருஷமாக, மிஷினுக்கு உறை போட்டதும் கால் ஒரே திசையில்தான் போகும். குடியை நிறுத்தினேன். ஆனால் அந்த ஆறு மணி தினமும் வந்துகொண்டுதான் இருந்தது. வீட்டில் போய் உட்கார்ந்தால் கை காலை எங்கே வைப்பது என்று தெரியாது. பிள்ளைகள் சத்தமாகச் சிரித்தால் எரிச்சல், டிவி ஓடினால் எரிச்சல். ஐந்து மாதம் ஆனவர் அந்த நேரத்தில் வீட்டில் உட்கார முடியாமல் தவிப்பது வீடு பிடிக்காததால் இல்லை. அந்த நேரத்தை என்ன செய்வது என்று அவர் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

அங்கே என்ன செய்கிறோம் என்று கேட்டீர்கள். ஒரு பள்ளிக்கூடத்தின் பின்கட்டு அறை. இருபது பிளாஸ்டிக் நாற்காலி, சத்தம் போடும் ஒரு ஃபேன். முன்னாடி வந்தவர் நாற்காலியைப் போடுவார், கடைசியில் போகிறவர் அடுக்குவார். ஒவ்வொருவராகப் பேசுவோம். ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கே பேசக் கூடாது, புத்தி சொல்லக் கூடாது. ஒரு துணிப்பை சுற்றி வரும், பத்தோ இருபதோ முடிந்ததைப் போடுவோம். வாடகையும் டீச் செலவும் அதிலேயே நடக்கும். வெளியார் காசு கொடுத்தாலும் வாங்குவதில்லை. ஒரு மணி நேரத்தில் கூட்டம் முடிந்துவிடும்.

அப்புறம்தான் நீங்கள் சந்தேகப்படுகிற அந்த மீதி நேரம். தெருமுனையில் தள்ளுவண்டியில் பருத்திப்பால் விற்பார்கள். சுக்கும் கருப்பட்டியும் போட்டது, மேலே தேங்காய்ப்பூ. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்று பேசுவோம். செல்லூர் ஆட்டோ அண்ணன் வண்டி எஃப்.சி.க்கு எவ்வளவு ஆச்சு என்று சொல்லுவார். ரிட்டையர்டு கணக்கு வாத்தியாருக்குச் சர்க்கரை ஏறியிருக்கும், அவர் டம்ளரில் பாதியை நாங்கள் ஊற்றிக்கொள்வோம். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மல்லிகை மூட்டை இறக்கும் தம்பி, அன்றைக்குக் கிலோ என்ன விலை போனது என்று சொல்லுவான். அந்தத் தம்பியின் மகளுக்குப் பத்தாம் வகுப்புக் கணக்கு முழுவதையும் வாத்தியார்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லிக்கொடுத்தார். வாத்தியார் கண் ஆபரேஷனுக்குப் போன அன்றைக்குக் காலையில் கையைப் பிடித்துக் கூட்டிப்போனது அந்தத் தம்பி. குடிக்காத காலத்தில் வேறு எங்காவது பார்த்திருந்தால், நாங்கள் நாலு பேரும் ஒரு டீக்கடை பெஞ்சில்கூடச் சேர்ந்து உட்கார்ந்திருக்க மாட்டோம்.

ஏ.ஏ. ஆரம்பித்ததே இப்படித்தான். 1935 மே மாதம், அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊர். பில் என்ற பங்கு வியாபாரி, குடியை விட்டு ஐந்து மாதம் ஆனவர், போன காரியம் கெட்டுப்போய் ஓட்டல் கூடத்தில் தனியாக நிற்கிறார். ஒரு பக்கம் பார், ஒரு பக்கம் தொலைபேசி. 'இப்போது நான் குடிக்காமல் இருக்க வேண்டுமென்றால் இன்னொரு குடிகாரரோடு பேச வேண்டும்' என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. போனைச் சுழற்றி, தேடிப் பிடித்தது, குடியை விட முடியாமல் இருந்த பாப் என்ற டாக்டரை. கால்மணி நேரம் தருகிறேன் என்று வந்த டாக்டர் மணிக்கணக்கில் உட்கார்ந்து பேசினார். அவர் கடைசியாகக் குடித்த ஜூன் 10-ஐத்தான் ஏ.ஏ. பிறந்த நாளாகக் கொண்டாடுகிறோம். உங்கள் கணவருக்கும் அதே ஐந்து மாதம்தான் ஆகிறது, கவனியுங்கள்.

ஆனாலும் உங்களுக்குச் சேர வேண்டியதை நீங்கள் கேட்டு வாங்க வேண்டும். வாரத்தில் இரண்டு சாயங்காலம் எங்களுக்கு என்று நேராகச் சொல்லுங்கள். அவர் தயங்கினால், கூட்டத்தில் மூத்தவர் யார் என்று கேட்டு அவரிடம் சொல்லுங்கள். எங்களில் யாரும் குடும்பத்தைவிட்டு எங்களோடு இரு என்று சொல்ல மாட்டோம். வீட்டாருக்கென்றே அல்-அனான் என்று தனிக் கூட்டம் 1951-இலிருந்து இருக்கிறது. அங்கே கணவரைத் திருத்துவதைப் பற்றிப் பேச மாட்டார்கள், உங்களைப் பற்றிப் பேசுவார்கள். என் வீட்டுக்காரம்மா முதல் தடவை போய்விட்டு வந்து, "பதினாலு வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான் நான் என்னைப் பத்திப் பேசினேன்" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கார்த்திகையில் மாலை போட்டால் 48 நாளும் என்னால் சுத்தமாக இருக்க முடிகிறது. மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய அன்றைக்கே கை போய்விடுகிறது. சாமிக்குப் பயப்படுகிறவன் மனைவி மக்களுக்குப் பயப்படவில்லையே என்று அம்மா அழுகிறார். நான் என்ன மாதிரி ஆள்?
*ஒரு வாசகர், மேலூர்*

நீ கெட்ட ஆள் இல்லை தம்பி. அந்த 48 நாளை ஒருதரம் நினைத்துப் பார். விடியற்காலையில் உன்னைக் குளிக்க எழுப்ப ஆள் இருந்தது. சாயங்காலம் பஜனைக்குப் போக வேண்டும், போகவில்லை என்றால் குருசாமி, "ஏன் சாமி வரலை?" என்று கேட்பார். ஊரே உன்னைச் சாமி என்று கூப்பிட்டது. ஒன்றாகச் சமைத்தீர்கள், ஒன்றாகச் சாப்பிட்டீர்கள். "வாடா, ஒரு கட்டிங் போடலாம்" என்று ஒருவரும் கூப்பிடவில்லை. மாலையைக் கழற்றினாய், அவரவர் வேலைக்குப் போய்விட்டார்கள். ஐயப்பன் எங்கேயும் போகவில்லை. கூட இருந்த பதினைந்து பேர்தான் போய்விட்டார்கள். உனக்கு மறுபடி ஆள் வேண்டும், அவ்வளவுதான் நான் சொல்வேன். 48 நாள் இருந்து காட்டியவனுக்கு இருக்கத் தெரியும்.

இதை அனுபவத்தில்தான் சொல்கிறேன். நான் அழகர்கோயில் பதினெட்டாம்படிக் கருப்பு முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தவன். அந்தக் கதவுக்கு முன்னால் பொய் சொல்ல எங்கள் பக்கத்தில் யாருக்கும் துணிச்சல் வராது. ஒன்பதாம் நாள் குடித்துவிட்டேன். அப்புறம் சத்தியத்தை மீறிய பயத்துக்கும் சேர்த்துக் குடித்தேன். பாண்டி கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு குடியை நிறுத்திவிட்டவர்களும் எங்கள் கூட்டத்தில் இருக்கிறார்கள், கயிற்றை அறுத்துவிட்டுக் குடித்தவர்களும் இருக்கிறார்கள். கயிறு கட்டுவது தப்பே இல்லை. கட்டிவிட்டு வருகிற வழியில் ஒரு கூட்டத்துக்கும் போய் உட்கார்.

குடியை நிறுத்தும் மாத்திரை என்று தெரிந்தவர் ஒருவர் வாங்கிக் கொடுத்தார். மகனுக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்கலாமா?
*ஒரு தாய், உசிலம்பட்டி*

கூடவே கூடாது அம்மா. கையில் இருந்தால் ஒதுக்கி வையுங்கள்.

நீங்கள் சொல்வது பெரும்பாலும் டைசல்ஃபிரம் மாத்திரையாக இருக்கும். சாராயம் உடம்புக்குள் போனால் ஈரல் அதை முதலில் ஒரு விஷப்பொருளாக மாற்றும், பிறகு அந்த விஷத்தையும் உடைத்து வெளியேற்றும். இந்த மாத்திரை அந்த இரண்டாவது வேலையைத் தடுத்துவிடும். அப்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும். ரத்த அழுத்தம் படுத்துவிடும். இதயக் கோளாறு உள்ளவருக்கு உயிரே போகலாம். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைக்கும்கூட இது நடக்கலாம். அதனால்தான் டாக்டர் பரிசோதித்து, சாப்பிடுகிறவரிடம் எல்லாவற்றையும் சொல்லி, அவர் சம்மதித்தால் மட்டுமே கொடுப்பார்கள். தெரிந்து சாப்பிடுகிறவருக்கு அது நல்ல துணை. எங்கள் ஆட்டோ அண்ணன் முதல் வருஷம் முழுக்க, தினமும் காலையில் மனைவி கையால் வாங்கிச் சாப்பிட்டார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தினமும் நிறையக் குடிக்கிறவரை அறையில் பூட்டிவைத்து ஒரே நாளில் நிறுத்த வைக்காதீர்கள். ஆறேழு மணி நேரத்தில் நடுக்கம் ஆரம்பிக்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் ஆள் இடம் தெரியாமல், இல்லாத பூச்சியைத் தட்டிவிட்டுக்கொண்டு உளறலாம். அது பேய் இல்லை, மருத்துவ அவசரம். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். என்ன செய்வது என்று கேட்க 14446 என்ற எண் இருக்கிறது, காசு கிடையாது.

என்னுடைய நடுக்கம் எப்படி இருந்தது என்று சொல்கிறேன். அப்போது டாஸ்மாக் கடை காலை 10 மணிக்குத் திறக்கும். 2016-இல்தான் மதியம் 12 என்று மாற்றினார்கள். பத்து மணி வரைக்கும் எனக்கு ஊசியில் நூல் கோக்க முடியாது. என் தையல் கடைப் பையன் கோத்து வைப்பான், பன்னிரண்டு வயதுப் பையன். நான் அவன் முகத்தைப் பார்க்காமல் ஊசியை வாங்கிக்கொள்வேன்.

எங்கள் நண்பர் மூன்று வருஷம் குடிக்காமல் இருந்துவிட்டு மறுபடி குடித்துவிட்டார். எனக்கு நம்பிக்கை கொடுத்தவரே அவர்தான். இப்போது போனை எடுப்பதில்லை. எங்களில் சிலர், அவர் பக்கம் போனால் நமக்கும் ஒட்டிக்கொள்ளும் என்கிறார்கள். எனக்கு அவர் மேல் கோபமாகவும் இருக்கிறது. போய்ப் பார்க்கலாமா?
*ஒரு வாசகர், ஆரப்பாளையம்*

போய்ப் பாருங்கள். எப்படிப் போவது என்று சொல்வதற்கு முன்னால், என் தப்பு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், பங்குனி கடைசி. அழகர் ஆற்றில் இறங்கும்போது தண்ணீர் பீய்ச்சுகிறவர்களுக்குச் சல்லடம், உருமா, கருப்பசாமி வேஷத்துணி என்று ஆர்டர் மலையாகக் குவிகிற நேரம். ராத்திரி எட்டு மணிக்கு ஆட்டோ அண்ணன் போன் செய்தார். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. பெயரைப் பார்த்தேன். இந்த மடிப்பை முடித்துவிட்டுப் பேசுவோம் என்று விட்டுவிட்டேன். மறுபடி அடித்தது. மூன்றாவது தடவையும் அடித்தது. பத்தரைக்கு நான் கூப்பிட்டபோது எடுக்கவில்லை.

சோழவந்தான் பக்கம் அவர் சகலை இறந்துபோயிருந்தார். துஷ்டி வீடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பந்தலுக்குப் பின்னால் பாட்டில் ஓடும், "ராத்திரி முழுக்க முழிக்கணும்ல, போடு" என்று டம்ளரை நீட்டுவார்கள். நாலு வருஷத்துக்குப் பிறகு அன்றைக்கு வாங்கிவிட்டார். அதற்கு முன்னால்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்.

மூன்றாம் நாள் காலையில் வாத்தியாரும் நானும் போனோம். வாத்தியார் தூக்குச்சட்டியில் இட்லி வாங்கி வந்தார். மதினி கதவைத் திறந்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போனார். அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். நாங்கள் தரையில் உட்கார்ந்தோம். பேசவில்லை. முக்கால் மணி நேரம் இருக்கும். சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார், "ஏன்டா எடுக்கல?"

"தைச்சுக்கிட்டிருந்தேண்ணே. தப்புதாண்ணே."

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "நீ எடுத்திருந்தாலும் நான் குடிச்சிருப்பேன். ஆனா நீ எடுத்திருக்கணும்."

அந்த இரண்டு வாக்கியத்தையும் நான் இன்றைக்கு வரைக்கும் சேர்த்தேதான் வைத்திருக்கிறேன். குடித்தது அவர், அதை நான் சுமக்க முடியாது. போனை எடுக்காதது நான், அதை அவர் மேல் போட முடியாது. அன்றிலிருந்து ஆறு மணிக்கு மேல் என் போன் மிஷின் பலகையில்தான் இருக்கும்.

கை நடுங்கிக்கொண்டிருந்ததால் முதலில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். எழுந்து, "இன்னைக்கு எனக்கு ஆறாம் நாள்" என்றார். எல்லோரும் கை தட்டினோம். இப்போது அவருக்குப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அந்த முதல் நாலு வருஷம் வீண் என்று அவர் நினைப்பதில்லை. அந்த நாலு வருஷத்தில்தான் மகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டார். அது நடந்தது நடந்ததுதானே.

நீங்கள் போகும்போது தனியாகப் போகாதீர்கள், இரண்டு பேராகப் போங்கள். உங்களுக்கே சில மாதம்தான் என்றால் மூத்தவர் ஒருவர் கட்டாயம் கூட வர வேண்டும். போதையில் இருந்தால் பேசாமல் திரும்பி வந்து மறுநாள் காலையில் போங்கள். பாரில் இருக்கிறார் என்று யாராவது சொன்னால், இழுத்து வருகிறேன் என்று உள்ளே போய்விடாதீர்கள். பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம், சாப்பாடு வாங்கிக் கொடுங்கள். மூன்று வருஷக் கணக்கை எடுக்காதீர்கள், அந்தக் கணக்கை அவர் ஏற்கெனவே ஆயிரம் தடவை போட்டிருப்பார். உங்கள் கோபத்தை மறைக்கவும் வேண்டாம். ஆறு மாதம் கழித்துப் பருத்திப்பால் குடிக்கும்போது சொல்லுங்கள், அப்போது அவரால் கேட்க முடியும்.

எல்லோரும் திரும்பி வருவதில்லை. வாடிப்பட்டித் தம்பி ஒருவன் வரவில்லை. அவன் வீட்டுத் திண்ணையிலும் போய் உட்கார்ந்தோம், ஐந்தாறு தடவை. கடைசியில் தத்தனேரிச் சுடுகாட்டுக்குத் தூக்கிப்போனதும் நாங்கள்தான். அன்றைக்குச் சாயங்காலம் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. ஒன்பது மணி வரைக்கும் தெப்பக்குளம் படியில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம்.

அடுத்த மாதம் பங்காளி வீட்டில் கிடாவெட்டு. போகாமல் இருக்க முடியாது. போனால் "ஒரே ஒரு ரவுண்டு" என்று விட மாட்டார்கள். எனக்கு எழுபது நாள் ஆகிறது. எப்படிச் சமாளிப்பது?
*ஒரு வாசகர், அலங்காநல்லூர்*

எழுபது நாளில் போகாமல் இருப்பதே நல்லது. மொய்யை மனைவியிடம் கொடுத்து அனுப்பிவிட்டு, "உடம்பு சரியில்லை" என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட.

போயே ஆக வேண்டுமென்றால், கூட்டத்து ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். என் சேக்காளி என்று சொன்னால் எங்கள் ஊர்ப் பக்கம் யாரும் மறுகேள்வி கேட்க மாட்டார்கள். கிளம்பும் முன்பே வீட்டில் வயிறாரச் சாப்பிடுங்கள். பசி, கோபம், தனிமை, களைப்பு என்ற நாலும்தான் குடிக்கு வாசற்படி என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம், கிடாவெட்டில் நாலும் ஒன்றாக வரும். பந்தி முதல் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பிவிடுங்கள். கையில் பவண்டோவோ பன்னீர் சோடாவோ டம்ளரில் இருந்தால் யாரும் புது டம்ளர் நீட்ட மாட்டார்கள். ஆனால் கீழே வைத்த டம்ளரை மறுபடி எடுக்காதீர்கள். விளையாட்டாகக் கலந்துவிடுகிற மச்சான்கள் இருக்கிறார்கள், அப்படி ஒருவனால் எங்கள் ஆள் ஒருவர் ஏழு மாதத்தை இழந்தார்.

சித்திரைத் திருவிழாவில் எங்களுக்கும் இந்தப் பயம் உண்டு. அதனால் அந்த ராத்திரியில் நாங்கள் சும்மா சுற்றுவதில்லை. நீர்மோர்ப் பந்தல் போட்டுவிடுவோம். இரண்டு அண்டா மோர், ஒரு அண்டா பானகம். விடிய விடிய மொண்டு ஊற்றினால் கைக்கு வேறு நினைப்பு வராது.

எனக்கு 43 வயது. கட்டட வேலைக்குப் போகிறேன். உடம்பு வலிக்கு என்று வீட்டுக்காரர் ஊற்றிக் கொடுத்தது, அவர் போன பிறகும் நிற்கவில்லை. பிள்ளைகளுக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருக்கிறார்கள். ஒரு பொம்பளை இதைக் கேட்கலாமா என்றுகூடத் தெரியவில்லை.
*பெயரும் ஊரும் எழுதவில்லை*

கேட்கலாம் தங்கச்சி. இங்கே வந்த கடிதங்களில் எழுத ரொம்பத் துணிச்சல் வேண்டியிருந்தது உன் கடிதத்துக்குத்தான். ஆண் குடித்தால் ஊர் சிரிக்கும், பெண் குடித்தால் ஊர் எரிக்கும். அதனால்தான் கதவைச் சாத்திக்கொண்டு குடிக்க வேண்டியிருக்கிறது, அதனாலேயே யாரும் வந்து கை கொடுக்கவும் முடிவதில்லை. ஒரே அளவு குடித்தாலும் பெண் உடம்பில் அது கூடுதலாக ஏறும், ஈரலைச் சீக்கிரம் கெடுக்கும். நாள் கடத்தாதே. 14446-க்குப் பேசு, பெயர் சொல்ல வேண்டியதில்லை. தினமும் குடிக்கிறாய் என்றால் நீயாகத் திடீரென்று நிறுத்திவிடாமல் முதலில் டாக்டரைப் பார்.

கூட்டத்துக்கு வர ஒரே தகுதிதான், குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை. ஆணா பெண்ணா என்று அதில் இல்லை. எங்கள் கூட்டத்தில் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். ஒருவர் நர்ஸ், ஒருவர் பூக்கட்டி விற்கிறவர். எது சொன்னாலும் அந்த அறையை விட்டு வெளியே போகாது, பத்தொன்பது வருஷமாக நான் பார்க்கிறேன். முதல் நாள் பேச வேண்டாம், சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். அவர்கள் இரண்டு பேரும் ஃபேனுக்குக் கீழே முன் வரிசையில் உட்காருவார்கள். நடுவில் ஒரு நாற்காலி இருக்கும், பூக்கூடையும் கைப்பையும் அதில்தான் வைத்திருப்பார்கள். நீ வந்தால் எடுத்துக் கீழே வைத்துவிடுவார்கள்.